தன்னார்வலர் உழைப்பால் ஏழைக் குடும்பத்தின் வீடு உண்மையில் மலிவாகிறதா?

வீட்டுக்குழு உறுப்பினர் எழுதியது:

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, அவர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு வீடு கட்டித் தரும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றின் செயற்குழுவில் அண்மையில் இணைந்திருக்கிறேன். வீடு இலவசமாகத் தரப்படுவதில்லை. குடும்பத்தார் கட்டுமானத்தில் குறிப்பிட்ட மணி நேரம் உழைக்க வேண்டும். அடக்கவிலையை மாதத் தவணையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். அடுத்த ஆண்டு கூடுதல் வீடுகள் கட்ட வேண்டுமானால் தன்னார்வலர் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் போதும் என்ற கருத்து எங்கள் குழுவில் வலுத்துவருகிறது. கூலி மிச்சமானால் வீட்டின் விலை குறையும், விலை குறைந்தால் இன்னும் ஏழ்மையான குடும்பங்களுக்கும் எட்டும் என்பது அவர்களின் வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, கூலி என்ற தலைப்பில் மிச்சமான தொகை நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. தன்னார்வலர் உழைப்பு வீட்டின் விலையை எந்த அளவுக்குக் குறைக்கிறது, அதைவிடப் பெரிதாகக் குறைக்கக்கூடியது வேறு ஏதேனும் உண்டா என்பதைக் கட்டுமானத்திலும் கடனிலும் பட்டறிவு உள்ளவர்கள் விளக்கினால் குழுவுக்கு உதவியாக இருக்கும்.

தள மேற்பார்வையாளர் எழுதியது:

தன்னார்வலர் வேலை செய்யும் நாளில் தளத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. காலையில் இருபது பேர் வந்து நிற்பார்கள். அவர்களில் முன்பே கரணை பிடித்துப் பழகியவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். தலைக்கவசத்தையும் காலணியையும் சரிபார்த்து, சாரத்தில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று சொல்லி, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஐந்தாறு பேருக்கு ஒரு தேர்ந்த ஆள் அருகில் நிற்க வேண்டும், அவருக்கு அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். கொத்தனார் தன் போக்கில் வேலை செய்தால் எழும்பும் சுவரில் பாதிதான் அவர் கற்றுக்கொடுத்துக்கொண்டே கட்டும் நாளில் எழும்பும்.

சுவர் வேலையில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. மூலைகள் இரண்டையும் கொத்தனாரே எழுப்பி, நூல் கட்டிவிடுவார். இடைப்பட்ட நீளத்தைத் தன்னார்வலர்கள் நூலைப் பார்த்து நிரப்புவார்கள். இரண்டு மூன்று வரிக்கு ஒரு முறை தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காவிட்டால் சுவர் மெல்ல வெளியே சாயத் தொடங்கும். பூச்சில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த ஈடு சிமெண்டாகவும் மணலாகவும் செலவுக் கணக்கில் ஏறிவிடும். கம்பி கட்டுதல், கான்கிரீட் போடுதல், மின் இணைப்பு, குழாய் வேலை ஆகியவற்றை நான் தன்னார்வலர்களிடம் விடுவதே இல்லை, விடவும் கூடாது. மண் அள்ளுதல், செங்கல் கடத்துதல், வண்ணம் பூசுதல், வேலி போடுதல் போன்றவற்றில் அவர்களால் கிடைக்கும் பயன் ஐயத்துக்கு இடமில்லாதது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிமெண்டு வேலை முடிந்த பிறகு தண்ணீர் விட்டு ஈரம் காக்கும் கியூரிங் பணிதான் சுவரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சாதாரண சிமெண்டாக இருந்தால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டாக இருந்தால் 10 நாளாவது இடைவிடாமல் ஈரம் இருக்க வேண்டும். தன்னார்வலர் வார இறுதியில் வருபவர். செவ்வாய்க்கிழமை மாலை வந்து சுவருக்குத் தண்ணீர் விடுபவர் அந்த வீட்டில் குடியேறப்போகும் பெண்மணியோ அவருடைய மகனோதான். நான் பார்த்தவரையில், குடும்பத்தாரின் உழைப்பு வெளியாரின் உழைப்பைவிடப் பெறுமதியாவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கணக்காளர் எழுதியது:

மேற்பார்வையாளர் சொன்னதை எண்களில் வைத்துப் பார்க்கிறேன். நாணயம் எதுவானாலும் பொருந்துமாறு, ஒரு வீட்டின் கட்டுமானச் செலவை 1000 என்று கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு கூலி என்றும், கூலியில் பாதியைத் தன்னார்வலரும் குடும்பத்தாரும் ஈடுசெய்கிறார்கள் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மிச்சம் ஏறத்தாழ 167. மேற்பார்வை, காப்பீடு, கருவிகள், வீணாகும் பொருள் ஆகியவற்றை இதிலிருந்து கழிக்க வேண்டும் என்றாலும், இப்போதைக்கு அவற்றையும் விட்டுவிடுவோம்.

குடும்பம் மாதந்தோறும் எதிர்கொள்வது வீட்டின் விலையை அன்று, தவணையை. 1000 அலகுக் கடனை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 9 அலகு. கடைசியில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 2160. தன்னார்வலர் உழைப்பால் கடன் 833 ஆகக் குறைந்தால் தவணை 7.50 ஆகும். உழைப்பால் எதுவுமே மிச்சமாகாமல், வட்டியை மட்டும் நீக்கிவிட்டால் தவணை 4.17 ஆகிறது. வட்டியை முழுவதும் நீக்க முடியாமல் 2 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தாலும் 5.06 தான். எனவே எட்டாத வீட்டை எட்டச் செய்வது பெரும்பாலும் வட்டியில் கிடைக்கும் விடுதலை. இதில் நிலத்தின் விலையை நான் சேர்க்கவே இல்லை. நிலம் கட்டுமானத்துக்கு இணையான விலையில் உள்ள இடங்களில் கூலி மிச்சத்தின் பங்கு இன்னும் சுருங்கிவிடும்.

ஆகவே உங்கள் குழு தன்னார்வலரைத் தேடுவதற்குச் செலவிடும் ஆற்றலில் ஒரு பகுதியையாவது வட்டியில்லா முதலைத் திரட்டுவதற்குத் திருப்ப வேண்டும். திரும்பிவரும் தவணைகளைச் சுழல்நிதியாக வைத்தால் அது தானாகவே வீடு கட்டத் தொடங்கும். 20 ஆண்டுத் தவணையில் 20 வீடுகள் கொடுத்திருந்தால், ஓராண்டில் திரும்பிவரும் தொகை ஒரு வீட்டின் அசலுக்குச் சமம். ஆனால் கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால் சுமார் 14 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும் என்பதால், சுழல்நிதி ஒருபோதும் முழுமையாகத் தன்னைத்தானே தாங்காது. நன்கொடை ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வரலாற்று மாணவி எழுதியது:

கணக்காளர் கண்டடைந்ததை இந்த இயக்கத்தின் முன்னோடிகள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஜோர்டன் முதலியோர் 1942இல் தொடங்கிய கொய்னோனியா என்ற கூட்டுப்பண்ணையில், 1968இல் மில்லர்டு ஃபுல்லரும் ஜோர்டனும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். இலாபமும் இல்லை, வட்டியும் இல்லை. வீட்டுக்காரர் கட்டும் தவணை ஒரு பொதுநிதிக்குப் போய் அடுத்த வீட்டைக் கட்டும். ஃபுல்லர் தம்பதியர் ஆப்பிரிக்காவில் அன்றைய சயீரில் (இன்றைய காங்கோ மக்களாட்சிக் குடியரசு) 1973 முதல் இதே முறையில் வீடு கட்டிப் பார்த்துவிட்டு வந்து, 1976இல் ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பைத் தொடங்கினர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1984இல் சுத்தியலோடு நியூயார்க்கில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்க வந்த பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. சுத்தியல் மக்கள் மனத்தில் நின்றது, வட்டியில்லாக் கடன் பின்னுக்குப் போய்விட்டது. உங்கள் குழுவில் நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னும் தெளிவான சான்று உருகுவேயில் இருக்கிறது. அந்நாட்டின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளுக்கு வழி திறந்தது. அவற்றின் கூட்டமைப்பான ஃபுக்வாம் 1970இல் உருவானது. ஒவ்வொரு குடும்பமும் வாரத்துக்கு 21 மணி நேரம் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும். வார இறுதிக்கு மட்டும் வருபவரால் நெருங்க முடியாத அளவு அது. அப்படியிருந்தும் அந்த உழைப்பின் மதிப்பு வீட்டின் மொத்த மதிப்பில் 15 விழுக்காடாகவே கணக்கிடப்படுகிறது; மீதி 85 விழுக்காடு அரசு தரும் நீண்டகாலக் கடன். எந்த வீடு யாருக்கு என்பது வேலை முடியும் தறுவாயில்தான் குலுக்கலில் முடிவாகும் என்பதால், அடுத்தவர் வீடு என்று எண்ணி யாரும் கலவையில் சிக்கனம் பிடிப்பதில்லை. அமெரிக்க வேளாண் துறை ஆதரிக்கும் கிராமப்புறத் திட்டத்திலும், குழுவாகச் சேர்ந்த குடும்பங்கள் கட்டுமான உழைப்பில் 65 விழுக்காட்டைத் தாங்களே தர வேண்டும். எல்லா வீடுகளும் முடியும்வரை எவரும் குடியேறக் கூடாது என்பது நடைமுறை. அங்கேயும் அதைத் தாங்கி நிற்பது வட்டிச் சலுகையுள்ள அரசுக் கடன்தான்.

கட்டுமானத் தொழிலாளி மகன் எழுதியது:

இந்த இழையில் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். என் தந்தை நாற்பது ஆண்டுகள் சாரத்தில் நின்று உழைத்தவர். தன்னார்வலர்கள் கூலியின்றிச் செய்யும் வேலை, கூலிக்குச் செய்யும் ஒருவருடைய வேலை. வீடில்லாத குடும்பங்களில் பலவும் கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்களே என்றிருக்க, அவர்களுக்கு வீடு தருவதாகச் சொல்லிக்கொண்டு அவர்களின் நாள்கூலியைக் குறைப்பது எப்படி நியாயமாகும்? இரண்டாவதாக, பகல் முழுவதும் உழைத்துக் களைத்தவரிடம் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இன்னொரு முறை உழைக்கச் சொல்கிறோம். வசதியுள்ளவர் வீடு வாங்கும்போது யாரும் அவரிடம் செங்கல் சுமக்கச் சொல்வதில்லை. தன்னுதவி வீட்டுத் திட்டங்களைப் பற்றி 1970களிலிருந்தே இந்த விமர்சனம் இருந்துவருகிறது. அதற்கு நேர்மையான விடை தேவை.

தள மேற்பார்வையாளர் எழுதியது:

முதல் கேள்விக்கு என் விடை: தேர்ந்த வேலைக்கு முழுக் கூலி கொடுத்தே ஆக வேண்டும், அதில் பேரம் கூடாது. தொண்டு என்ற பெயரைச் சொல்லிக் கொத்தனாரிடம் அரைக்கூலி கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தொண்டு ஆகாது. நிதி போதாமல் கட்டப்படாமலே போயிருக்கும் வீடு ஒன்று கட்டப்படும்போது, அதில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் மின்பணியாளருக்கும் புதிதாக வேலை கிடைக்கிறது. ஆனால் ஏற்கனவே நிதி ஒதுக்கப்பட்ட பணியில் கூலியாளை நிறுத்திவிட்டுத் தன்னார்வலரை இறக்கினால் உங்கள் குற்றச்சாட்டு முழுவதும் பொருந்தும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அப்படி உழைத்து வீடு பெற்றவர் எவரேனும் விடை சொல்வதே முறை.

வீடு பெற்றவர் எழுதியது:

நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வாழ்கிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் சொல்லப்போவதில் குறையும் உண்டு.

எங்களிடம் சில நூறு மணி நேர உழைப்பு கேட்டார்கள். நான் அப்போது இரவுப் பணியில் இருந்தேன், இரண்டு சிறு குழந்தைகள், கணவர் இல்லை. தொடக்கத்தில் கட்டுமானத் தளத்தில் நின்ற நேரத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பணி முடிந்து விடியற்காலையில் வந்து, இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு, குழந்தைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுத் தளத்துக்குப் போவேன். உடல்நலம் குன்றிய ஒரு மூதாட்டியால் இந்த விதியை நிறைவேற்றவே முடியவில்லை. பிறகு நாங்கள் கேட்டதன் பேரில் விதியை மாற்றினார்கள். வருகைப்பதிவு எழுதுவது, கருவிகளைக் கணக்கெடுத்து வாங்கி வைப்பது, மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, வீட்டுக்கணக்கு வகுப்பில் கலந்துகொள்வது, உறவினரும் நண்பரும் நமக்காக உழைப்பது ஆகிய அனைத்தையும் மணிக்கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூதாட்டி கருவிப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சீட்டில் ஒப்பமிடாமல் ஒரு ரசமட்டத்தைக்கூட எவரும் அவரிடமிருந்து எடுத்துச்செல்ல முடியாது.

உழைப்பு சுரண்டலா என்று கேட்டால், அது எதற்கு ஈடாகக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பேன். எங்களுக்கு அது முன்பணத்துக்கு ஈடாக இருந்தது. கையில் சேமிப்பு இல்லாதவரிடம் முன்பணம் கேட்கும் வங்கியின் கதவு மூடியே இருக்கும். அந்தக் கதவை உழைப்பால் திறக்க முடிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவருக்குள் குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்த மூலையில் அடித்தளம் ஆழமாகப் போடப்பட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கழிவறைச் சுவரில் ஈரம் கசிந்தபோது எங்கே கொத்த வேண்டும் என்று வந்த ஆளுக்கு நான்தான் காட்டினேன்.

என் மனம் நொந்தது சாவி கொடுத்த நாளில். எங்களைக் கேட்காமலே ஒளிப்படக்காரரை அழைத்திருந்தார்கள். என் மகள் பள்ளியில் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு நீண்ட நாள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் உழைத்திருக்கிறோம், தவணையும் கட்டுகிறோம். எங்களைக் கொடை பெற்றவர்களாகக் காட்டும் உரிமை எவருக்கும் இல்லை. படம் எடுப்பதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும், மறுப்பதால் எதையும் இழக்க மாட்டோம் என்பதையும் அதிலேயே எழுதித்தர வேண்டும்.

வீட்டுக்குழு உறுப்பினர் எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. எங்கள் விதியிலும் தளத்தில் நின்ற நேரம் மட்டுமே கணக்கில் உள்ளது. அதை மாற்றுவதற்கான முன்மொழிவை இந்த வாரமே எழுதுகிறேன். ஒளிப்படச் சம்மதமும் அதில் இடம்பெறும். அடுத்ததாக நிலம் பற்றிய கேள்வி. நன்கொடையாலும் வட்டியில்லாக் கடனாலும் மலிவாக்கப்பட்ட வீட்டை, பெற்ற குடும்பம் சில ஆண்டுகளில் சந்தை விலைக்கு விற்றுவிட்டால் அடுத்த ஏழைக் குடும்பத்துக்கு அந்த வீடு எட்டாமல் போய்விடுமே. இதை எப்படிக் கையாள்கிறார்கள்?

நிலப்பொறுப்பு எழுதியது:

இதற்கு இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஹாபிடாட்டின் பல கிளைகள் பின்பற்றுவது இரண்டாம் அடமானம். சந்தை மதிப்புக்கும் குடும்பம் செலுத்தும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை, தவணை இல்லாத இன்னொரு கடனாக எழுதிவைப்பார்கள். குடும்பம் அங்கேயே வாழ்ந்துவந்தால் அது ஆண்டுக்காண்டு தள்ளுபடியாகிக்கொண்டே வரும். விரைவில் விற்றால் அந்தத் தொகை நிறுவனத்துக்குத் திரும்பும். எளிய ஏற்பாடு, ஆனால் தள்ளுபடி முடிந்த பிறகு வீடு சந்தைக்குப் போய்விடும்.

மற்றொன்று சமுதாய நில அறக்கட்டளை. அதன் வேர் நமக்கு அயலானதன்று. வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்தில், நிலம் ஊரின் பொதுப்பொறுப்பில் இருக்கும், உழுபவர் அதன் பயனை அனுபவிப்பார் என்ற கருத்து இருந்தது. அக்கருத்திலிருந்து ஊக்கம் பெற்றவர்கள் 1969இல் ஜார்ஜியாவில் கறுப்பின உழவர்களுக்காக நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். வறட்சியும், கடனுதவி மறுக்கப்பட்ட அநீதியும் சேர்ந்து 1985இல் அந்த நிலம் அவர்கள் கையைவிட்டுப் போனது. ஆனால் வடிவம் நிலைத்தது. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984இல் தொடங்கிய அறக்கட்டளை அதை வீட்டுவசதியில் வேரூன்றச் செய்தது. நிலம் என்றைக்கும் அறக்கட்டளைக்கு உரியது. குடும்பத்துக்கு வீடு சொந்தம், நிலத்தின் மீது பொதுவாக 99 ஆண்டுக் குத்தகை. விற்கும்போது மதிப்பேற்றத்தில் கால் பங்கு குடும்பத்துக்கு என்பது அங்கே கடைப்பிடிக்கப்பட்ட சூத்திரம். வீட்டின் மதிப்பு 100இலிருந்து 180 ஆகியிருந்தால், குடும்பம் தான் அடைத்த அசலோடு 20 பெறும். அடுத்த குடும்பம் 180 கொடுக்க வேண்டியதில்லை, 120 கொடுத்தால் போதும். குடும்பம் தன் செலவில் கட்டிய கூடுதல் அறை முதலியவற்றைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளி மகன் எழுதியது:

வசதியுள்ளவர்கள் வீட்டு விலை ஏற்றத்தால் செல்வம் சேர்த்துத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்கிறார்கள். ஏழையிடம் மட்டும், உனக்குக் கால் பங்குதான் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நிலப்பொறுப்பு எழுதியது:

உறுத்த வேண்டிய இடம்தான். அக்குடும்பம் சந்தையில் வீடு வாங்கியிருக்க முடியுமானால் உங்கள் வாதத்தை மறுக்க இயலாது. பெரும்பாலும் அவர்களுக்கு இருந்த மாற்று வாடகை வீடு. அதில் மதிப்பேற்றத்தின் பங்கு எதுவும் கிடையாது, கட்டிய வாடகையும் திரும்பாது. இங்கே அசலும் திரும்புகிறது, கால் பங்கும் கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுச்செல்லவும் முடிகிறது. அந்த வேறுபாட்டைக் குடும்பத்துக்குத் தொடக்கத்திலேயே, ஒப்பமிடுவதற்கு முன், எண்களோடு விளக்கிவிட வேண்டும். விளக்காமல் கையெழுத்து வாங்கினால் பின்னாளில் அவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில் தவறில்லை. நிலம் விலை ஏறாத இடத்தில் இரண்டாம் அடமானமே போதும். விரைந்து ஏறும் இடத்தில் அறக்கட்டளை இல்லாமல் ஒரு தலைமுறைக்கு மேல் எதுவும் மிஞ்சாது.

கணக்காளர் எழுதியது:

தன்னார்வலரின் பயனை நான் குறைத்து மதிப்பிட்டதாக இருவர் தனிமடலில் எழுதியிருந்தார்கள். தன்னார்வலரின் முதன்மையான பயன் கூலி மிச்சத்தில் இல்லை என்றுதான் சொன்னேன். ஒரு நாள் செங்கல் சுமந்தவர் மறுமாதமே நன்கொடை அனுப்புவதை ஏடுகளில் காண்கிறேன். மலிவு வீடுகள் தங்கள் தெருவுக்கு வரக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் உள்ளாட்சிக் கூட்டத்தில் எதிர்க்கும்போது, அந்தக் குடும்பங்களோடு சேர்ந்து கலவை குழைத்தவர்கள்தான் எழுந்து ஆதரவாகப் பேசுகிறார்கள். அனுமதி ஓராண்டு தாமதமானால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால், அந்தப் பேச்சின் மதிப்பு கூலி மிச்சத்தைவிடப் பெரியது. எனவே தன்னார்வலரை இருமடங்காக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டாம். அதன் வரவை மட்டும் கட்டுமானச் செலவுக் குறைப்பு என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

வீட்டுக்குழு உறுப்பினர் எழுதியது:

அப்படியே எழுதிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. வேலை இழப்பாலோ நோயாலோ ஒரு குடும்பம் தவணை கட்ட முடியாமல் போனால் எந்த விதி சரியாக இருக்கும்? எங்கள் ஒப்பந்தத்தில் மூன்று மாதம் தவறினால் வீட்டைத் திரும்பப் பெறலாம் என்ற ஒரு வரி மட்டுமே உள்ளது.

வீடு பெற்றவர் எழுதியது:

எனக்கே அது நேர்ந்தது. பணியிடம் மூடப்பட்டு நான்கு மாதம் வருமானம் இல்லாமல் இருந்தேன். எங்கள் ஒப்பந்தத்தில், முதல் தவணை தவறியதுமே குடும்பம் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் ஆறு மாதம் வரை தவணையை நிறுத்திவைத்துக் கடனின் இறுதியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வட்டி இல்லாததால் நிறுத்திவைத்த தொகை வளரவில்லை. அந்த முடிவை எடுக்கும் மூவர் குழுவில் எங்களைப்போல் வீடு பெற்ற ஒருவரும் இருந்தார், அதனால்தான் என்னால் தயங்காமல் போய்ச் சொல்ல முடிந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த ஒற்றை வரிக்கு முன்னால் இவை மூன்றையும் சேர்த்துவிடுங்கள். ஏற்கனவே ஒப்பமிட்ட குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று எழுத்தில் அறிவியுங்கள்.